தொட்டிக்கு எட்டுமா லாரிக் குழாய்?

பல வீடுகளின் பின்புறத்தில், மண்ணுக்கடியில், ஒரு தொட்டி இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். அதுதான் செப்டிக் டேங்க். நிரம்பி வழியும் நாள்வரை அதை யாரும் நினைப்பதில்லை. வழிந்ததும், "சுத்தம் செய்யும் லாரி எங்கே கிடைக்கும்?" என்று ஊரெல்லாம் விசாரிப்போம். லாரி கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. கடற்கரைக்கு ஒத்துவருவது மலைக்கு ஒத்துவராது. ஏன் என்று பார்ப்போமா?

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

தொட்டிக்குள் வரும் கழிவில் கனமானவை அடியில் படிகின்றன. எண்ணெய்ப் பசையுள்ளவை மேலே ஏடாக மிதக்கின்றன. நடுவிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குச் சென்று மண்ணில் இறங்குகிறது. அடியில் படிந்த கசட்டின் ஒரு பகுதியை, ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. சிதையாத மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கசட்டை எடுத்தாக வேண்டும்.

உறிஞ்சுவது யார்?

லாரியின் பம்பு கசட்டை இழுப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது லாரித் தொட்டியிலுள்ள காற்றைத்தான் வெளியேற்றுகிறது. அப்போது வெளியிலுள்ள வளிமண்டலம் கசட்டை அழுத்திக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தம்பத்தின் உயரம் சுமார் 10.3 மீட்டர். பம்பினால் முழு வெற்றிடத்தை உண்டாக்க முடியாது. குழாயில் உராய்வும் உண்டு. எனவே நடைமுறையில் 6 அல்லது 7 மீட்டர் கிடைத்தாலே அதிகம்.

உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். 6, 7 மீட்டர் என்பது அங்கே 5 மீட்டராகச் சுருங்கிவிடும். சாலை மேலேயும் வீடு சரிவில் கீழேயும் இருந்தால், எத்தனை நீளக் குழாய் இருந்தும் பயனில்லை. வீட்டுக்குக் கீழே ஒரு சாலை இருந்தால் லாரியை அங்கே நிறுத்தலாம். அப்போது புவிஈர்ப்பு நமக்கு உதவிக்கு வரும்.

மண்ணுக்கு மண் வேறு

கடலோர மணலில் நீர் விரைந்து இறங்கும். சரியாக வடிகட்டப்படுவதற்கு முன்பே நிலத்தடி நீரை அடைந்துவிடும். அருகிலுள்ள கிணறு கெடும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும்போது இன்னொரு தொல்லை. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள தொட்டி 3,000 லிட்டர் கொள்ளும். அதைக் காலி செய்தால், சுற்றிலுமுள்ள நீர் ஏறக்குறைய 3 டன் எடைக்குச் சமமான விசையுடன் அதை மேலே உந்தும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்! இலேசான பிளாஸ்டிக் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்பிவிடலாம். அங்கெல்லாம் கோடையில் காலி செய்வதே நல்லது.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணோ இதற்கு நேர் எதிர். ஈரம் பட்டதும் அது உப்பித் தன் துளைகளை அடைத்துக்கொள்ளும், உறிஞ்சுகுழி உறிஞ்சாது. லாரி வந்து போன சில நாள்களிலேயே மறுபடி வழிந்தால், குற்றம் பெரும்பாலும் தொட்டியில் இல்லை, உறிஞ்சுகுழியில் இருக்கிறது. மீண்டும் மீண்டும் லாரிக்குச் செலவிடுவதைவிடக் குழியைச் சீர்செய்வதே வழி.

உள்ளே மட்டும் இறங்கக் கூடாது

குழாய் எட்டாத இடத்தில்தான், "ஓர் ஆளை இறக்கிவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு உயிரைப் பறிக்கும். தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அதன் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. ஆகவே அது கீழே தங்கும். கசட்டைக் கலக்கினால், குலுக்கிய சோடா பாட்டிலைத் திறந்ததுபோல வாயு பொங்கி வரும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்குமே என்கிறீர்களா? வாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. விளக்கை இறக்கிப் பார்ப்பதும் ஆபத்து. அங்குள்ள மீத்தேன் வெடிக்கலாம். உரிய பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றக் குதித்தவரும் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

என்ன கேட்க வேண்டும்?

ஊராட்சி அலுவலகத்திலோ அருகிலுள்ள பேரூராட்சியிலோ விசாரித்து, உரிமம் பெற்ற லாரியை அழையுங்கள். குழாயின் நீளம் என்ன? லாரி நிற்கும் இடத்துக்கும் தொட்டியின் அடிக்கும் உயர வேறுபாடு எவ்வளவு? நம் தெருவில் லாரி நுழையுமா? இந்த மூன்றையும் கேளுங்கள். நான்காவது கேள்வியை மறக்காதீர்கள்: "கசட்டை எங்கே கொட்டுவீர்கள்?" ஏரியிலோ ஓடையிலோ கொட்டினால், நம் வீடு சுத்தமாகி ஊர் நாறும். இதற்கெனத் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் கருங்குழியில் தொடங்கப்பட்டது.

நீங்களே செய்து பாருங்கள்

தொட்டியை விட்டு விலகிய இடத்தில், 30 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழமுள்ள குழி ஒன்று தோண்டுங்கள். நீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் மீண்டும் நிரப்பி, அரை மணி நேரத்தில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து குறியுங்கள். வேறு மண்ணுள்ள ஊரிலிருக்கும் நண்பரையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், ஒரே அளவு உறிஞ்சுகுழி எல்லா ஊருக்கும் ஏன் போதாது என்பது விளங்கிவிடும். அளந்து முடித்ததும் குழியை மூட மறந்துவிடாதீர்கள்!