பேரலில் இருப்பதன் பெயர் என்ன? பின்னலாடைத் தொழிலில் பீனால் வகை இரசாயனங்களும் தொழிலாளர் உரிமையும்

வெள்ளைப் பனியன் பெட்டிக்குள் இருக்கும்போதே மஞ்சளாகிவிடுவது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் நன்கறிந்த சிக்கல். பாலித்தீன் உறையில் சேர்க்கப்படும் பி.எச்.டி. என்ற பீனால் வகைப் பொருள், காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து துணியில் மஞ்சள் கறையை உண்டாக்குகிறது. ‘பீனாலிக் யெல்லோயிங்’ என்று தொழில்துறை இதை அழைக்கிறது. இதைக் கண்டறிய ஐ.எஸ்.ஓ. 105-எக்ஸ்18 என்ற பன்னாட்டுச் சோதனை முறையே இருக்கிறது. வாங்கும் நிறுவனம் கேட்டால் சோதனை முடிவைக் காட்டியாக வேண்டும்.

துணியைக் கறைப்படுத்தும் பீனாலுக்கு இவ்வளவு கவனம் கிடைக்கிறது. அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த பொருட்களை வெறுங்கையால் ஊற்றுகிற, கலக்குகிற, கழுவுகிற தொழிலாளியின் தோலுக்கு என்ன கவனம் கிடைக்கிறது? முதலிபாளையத்தின் சிட்கோ தொழிற்பேட்டை உள்ளிட்ட திருப்பூர் பின்னலாடை வட்டாரம் முழுவதற்கும் உரிய கேள்வி இது. வழக்கறிஞர்கள் என்ற முறையில் நாம் இதை மருத்துவக் கேள்வியாக மட்டும் பார்க்கவில்லை. தான் கையாளும் பொருளின் பெயரை அறியும் உரிமை யாருக்கு இருக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்ற கேள்வியாகவே பார்க்கிறோம்.

ஒரே குடும்பம், பல பெயர்கள்

பீனால் என்பது பழைய பெயரில் கார்பாலிக் அமிலம். தூய நிலையில் வெண்ணிறப் படிகம்; காற்றுப் பட்டால் இளஞ்சிவப்பாகும். சுமார் 41 பாகை செல்சியசில் உருகிவிடும். பிளைவுட் பசை, பிளாஸ்டிக், மருந்து எனப் பல தொழில்களின் மூலப்பொருள் இது.

பின்னலாடைக் கூடத்தில் தூய பீனால் பேரல் பேரலாக இருப்பதில்லை. அதன் உறவுகள் வேறு பெயர்களில் வருகின்றன. முதலாவது, கழிப்பறைத் தரையில் ஊற்றும் கறுப்பு பினாயில். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரெசால் போன்ற பீனால் வகைகள்தான் அதன் கிருமிநாசினிச் சரக்கு. கம்பெனிகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் அதை அன்றாடம் கையாள்பவர்கள் தூய்மைப் பணியாளர்கள்.

இரண்டாவது, நோனைல்பீனால் எத்தாக்சிலேட். துணியிலுள்ள எண்ணெயையும் மெழுகையும் நீக்கவும், சாயம் சீராக ஊறவும், பிரிண்டிங் கலவை பிரியாமல் நிற்கவும் இவ்வகைப் பொருள் பயன்படுகிறது. பேரலில் ‘வெட்டிங் ஏஜென்ட்’ என்றோ வெறும் வணிகப் பெயரோதான் எழுதப்பட்டிருக்கும். கழிவுநீரில் இது சிதையும்போது நோனைல்பீனால் உருவாகிறது. மூலப்பொருளைவிட இது அதிக நாள் நீடிக்கும். நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடித்து உடலின் சுரப்பு ஒழுங்கைக் குலைக்கும். நீரைவிடக் கசட்டில் ஒட்டிக்கொள்வது இதன் இயல்பு. எனவே சுத்திகரிப்பு நிலையத்தில் நீர் தெளிந்தாலும், தொட்டியின் அடியில் படியும் கசட்டில் இது தங்கிவிடக்கூடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஜனவரி முதலே துணி பதப்படுத்தும் தொழிலில் இப்பொருளைக் கட்டுப்படுத்தியது. 2021 பிப்ரவரி 3 முதல், துவைத்து அணியும் துணியின் எடையில் 0.01 விழுக்காடு அல்லது அதற்கு மேல் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் இருந்தால் அங்கே விற்க முடியாது. அங்கே துணி துவைக்கப்படும்போது ஆறுகளில் இது கலக்கிறது என்பதே அத்தடைக்குக் காரணம். அந்த ஆறுகளைக் காக்க வரம்பு வந்துவிட்டது. நொய்யலின் கதை நமக்குத் தெரியும். 1992இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய பிறகே, 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

உடலில் நிகழ்வது

பீனாலின் முதல் ஆபத்து, அது வலிக்காமல் சுடுவது. தோலில் பட்ட இடத்தை மரத்துப்போகச் செய்வதால், தொழிலாளி உடனே உணர்வதில்லை. தோல் வெளுத்துச் சுருங்கும்போது அது உள்ளே இறங்கியிருக்கும். தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்து நரம்பு மண்டலம், இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைத் தாக்கும். உடலின் பெரிய பரப்பில் பட்டால் உயிரே போகலாம். பணியிடக் காற்றில் எட்டு மணி நேரச் சராசரியாக 5 பி.பி.எம். என்ற வரம்பு பல நாடுகளில் புழக்கத்தில் இருந்துவருகிறது. அதனுடன் ‘தோல் வழியாகவும் ஏறும்’ என்ற எச்சரிக்கைக் குறியும் சேர்க்கப்படுவது இதனால்தான்.

நோனைல்பீனால் தோலையும் கண்ணையும் அரிக்கும். கருவளத்துக்கும் கருவிலுள்ள குழந்தைக்கும் தீங்கு செய்யலாம் என்ற வகைப்பாட்டில் அது வைக்கப்பட்டிருக்கிறது. பெண்கள் பெருமளவில் உழைக்கும் தொழிலில் இது சிறு செய்தியல்ல.

கையாளும் முறை

பீனால் வகைச் செறிவுப் பொருட்களைக் கையாள மெல்லிய கையுறை போதாது. துணிக் கையுறை அதைவிடக் கேடு, ஏனெனில் அது பொருளை உறிஞ்சித் தோலோடு சேர்த்துப் பிடித்து வைக்கும். பியூட்டைல் ரப்பர் அல்லது நியோப்ரீன் கையுறை, முகக் கவசம், இரசாயனம் ஊடுருவாத ஏப்ரன், பூட்ஸ் ஆகியவை வேண்டும். பேரலைச் சாய்த்து ஊற்றக் கூடாது. பம்பு வைத்து எடுக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும். சில எட்டுத் தொலைவில் அவசரக் குளியல் குழாயும் கண் கழுவும் குழாயும் இருக்க வேண்டும். பினாயிலை வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்தோடும் கலக்கக் கூடாது. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கக் கூடாது.

மேலே பட்டுவிட்டால், நனைந்த உடையை உடனே களைய வேண்டும். வெட்கமோ தயக்கமோ பார்க்கும் நேரமல்ல அது. குறைந்தது 15 நிமிடங்கள் ஓடும் நீரில் தாராளமாகக் கழுவ வேண்டும். ஈரத்துணியால் துடைப்பது தவறு. கொஞ்சம் நீர் பீனாலைப் பரப்பவே செய்யும். பெரிய கூடங்களில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலை முதலுதவிக்கு வைத்திருப்பது நல்ல நடைமுறை. உதவி செய்பவரும் கையுறை அணிய வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பேரலின் லேபிளையோ அதன் படத்தையோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

யாருடைய கை?

இந்தப் பட்டியலை எழுதுவது எளிது. எந்தக் கைக்குக் கையுறை கிடைக்கிறது என்பதில்தான் சாதி நுழைகிறது. பேரல் உருட்டுதல், தொட்டி கழுவுதல், கசடு வாருதல், கழிப்பறை சுத்தம் செய்தல் ஆகிய வேலைகள் தற்செயலாகப் பங்கிடப்படுவதில்லை. கொங்கு வட்டாரத்தில் அருந்ததியர் உள்ளிட்ட தலித் தொழிலாளர்களிடமே இவை பெரிதும் வந்து சேர்கின்றன; பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக, கம்பெனியின் வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாமல். இப்போது வடமாநிலப் புலம்பெயர் தொழிலாளர்களும் இவ்வரிசையில் நிற்கிறார்கள்.

2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில், சாய ஆலை ஒன்றின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தலித் தொழிலாளர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். தொட்டிக்குள் தேங்கும் நச்சுவாயு வேறு, பீனால் வேறு. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லப்படாமலே ஒருவரை இறக்கிவிடும் வழக்கம் ஒன்றுதான்.

சட்டம் தரும் பிடிகள்

அபாயகர இரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகள், 1989இன் 17ஆம் விதி, அபாயகர இரசாயனத்துக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் வைத்திருப்பதையும், கலனின் மேல் உள்ளடக்கம், தயாரிப்பாளர், நச்சுத்தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடுவதையும் கட்டாயமாக்குகிறது. தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 111-அ பிரிவு, தன் உடல்நலமும் பாதுகாப்பும் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தொழிலாளிக்குத் தந்தது. 36ஆம் பிரிவு, சோதித்துச் சான்றளிக்காத தொட்டிக்குள் மூச்சுக்கருவியும் கயிறு பிணைத்த வாரும் இன்றி எவரையும் இறக்கத் தடை விதித்தது.

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. தகவல் கேட்கும் உரிமையும், உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமையும் அதன் 14ஆம் பிரிவில் தொடர்கின்றன. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் கூடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான வரம்பு 10 தொழிலாளர்களிலிருந்து 20 ஆக உயர்ந்துவிட்டது. சிறு கூடங்கள் நிறைந்த பின்னலாடை வட்டாரத்தில் இது எத்தனை பேரைத் தொழிற்சாலைக் காப்புக்கு வெளியே தள்ளும் என்பதைத் தொழிற்சங்கங்கள் கூடம் கூடமாகக் கணக்கெடுக்க வேண்டும்.

1995இல் நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு மைய வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அது கல்நார்த் தொழிலாளர்களின் வழக்கு; அதன் கோட்பாடு எல்லாத் தொழிலுக்கும் உரியது. கழிவுநீர்க் குழி மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் நிர்ணயித்தது.

இவ்வளவும் இருந்தும் வழக்குகள் ஏன் தோற்கின்றன? காரணத்தை நிறுவ முடியாததால். பொருளின் பெயர் தெரியாத தொழிலாளி மருத்துவரிடம் ‘மருந்து பட்டுவிட்டது’ என்கிறார். மருத்துவர் ‘தோல் ஒவ்வாமை’ என்று எழுதுகிறார். பிறகு எந்த நீதிமன்றத்திலும் அந்தக் காகிதம் பேசாது.

ஆகவே மாணவர்களும் இயக்கத் தோழர்களும் மூன்று வேலைகளைத் தொடங்கலாம். ஒவ்வொரு கூடத்திலும் உள்ள பேரல்களின் லேபிள்களைத் தொழிலாளர்களோடு சேர்ந்து பதிவு செய்யுங்கள். தரவுத்தாளைத் தமிழிலும், புலம்பெயர்ந்தோருக்கு இந்தி, ஒடியா மொழிகளிலும் சுவரில் ஒட்டும்படி 14ஆம் பிரிவைச் சுட்டி எழுத்துமூலம் கோருங்கள். நகலைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு அனுப்புங்கள். காயமோ கொப்புளமோ ஏற்பட்டால், இரசாயனத்தின் பெயரும் வேலையின் தன்மையும் இ.எஸ்.ஐ. சீட்டில் எழுதப்படுவதை அன்றே உறுதி செய்யுங்கள். கையுறைக்கான போராட்டமும் இழப்பீட்டுக்கான வழக்கும் அந்த ஒரு பெயரிலிருந்துதான் தொடங்க முடியும்.