3,000 கிலோமீட்டர் போய் ஒரு வேன் கொண்டுவந்தோம்!

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய்வந்த அம்மாக்களைக் கேட்டுப் பாருங்கள். நயாகரா பார்த்தோம், சுதந்திர தேவி சிலை பார்த்தோம், பிட்ஸ்பர்க் வெங்கடாசலபதியைச் சேவித்தோம் என்று பட்டியல் போடுவார்கள். நான் பார்த்த அமெரிக்காவே வேறு! ஒரு பிக்-அப் வண்டி, அதன் வாலில் ஒரு ட்ரெய்லர், போக வர 3,000 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை. ஓட்டியது என் பெண். பக்கத்தில் 63 வயதில், சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி என்ற மூன்று தோழிகளோடு நான்!

எதற்காக இந்தப் பயணம் என்று கேட்கிறீர்களா? என் பேத்திக்காக. அதைவிட, அவளைப் பெற்றவளின் முதுகுக்காக.

பேத்திக்குப் பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். புத்தி படுசுறுசுறுப்பு, பேச்சு மட்டும் இழுத்து இழுத்து வரும். கால்கள் ஒத்துழைக்காது. குழந்தையாக இருந்தவரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டால் தீர்ந்தது. இப்போது 34 கிலோ! பள்ளிக்கூட பஸ்ஸில் நாற்காலியோடு ஏற்றும் மின்தூக்கி உண்டு. ஆனால் டாக்டர், உடற்பயிற்சி சிகிச்சை, கோயில், கடை என்று எங்கே போனாலும் நாற்காலியிலிருந்து காருக்கும், காரிலிருந்து நாற்காலிக்கும் என் பெண்தான் தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, சில நாள் ஆறு தடவை.

சக்கர நாற்காலியோடு அப்படியே ஏறும்படி தரையைத் தாழ்த்தி, சரிவுப் பலகை வைத்த வேன்கள் அங்கே கிடைக்கின்றன. புதிதின் விலையைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். ஆறு மாதம் தேடியபின் கையைக் கடிக்காத விலையில் பழைய வேன் ஒன்று அகப்பட்டது. ஆனால் எங்கே? இவர்கள் இருப்பது டெக்சாஸ் மாநிலத்து டாலஸில். வேன் இருந்தது அரிசோனாவின் டூசானில். நடுவே சுமார் 1,500 கிலோமீட்டர்! சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது.

ஏன் ட்ரெய்லர்?

"வாங்கினா ஓட்டிக்கிட்டே வர வேண்டியதுதானே?" என்று நானும் கேட்டேன்.

"ரெண்டு வருஷமா நின்னுக்கிட்டே இருந்த வண்டிம்மா. அதை நம்பிப் பாலைவனத்துல இறங்க முடியுமா?" என்றாள்.

விஷயம் இதுதான். வறண்ட ஊர் வண்டியில் துரு குறைவு. பனி விழும் ஊர்களில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள்; அது வண்டியின் அடிவயிற்றை அரித்துவிடும். அரிசோனா பாலைவனத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் பழைய வண்டி வாங்குபவர்கள் அந்தப் பக்கம் கண் வைப்பார்கள். ஆனால் அதே வெயில் ரப்பரைத் தின்றுவிடும். டயர், குழாய், பெல்ட் எல்லாம் வெடிப்பு விடும். நின்றுபோன வண்டியில் பெட்ரோலும் கெட்டுப்போகும். எனவே, சுமந்து வருவதுதான் புத்திசாலித்தனம்.

மாப்பிள்ளை லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். "நான் வர்றேன்" என்று கிளம்பினேன். "உன் முழங்கால்?" என்றாள். "அதுவும் கூடத்தான் வரும்" என்றேன்.

தலையாட்டி பொம்மைகள்

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். முதல் நாளைக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும், புளியோதரையும். தயிர்சாதத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தேன். வெயிலில் நிற்கும் காரில் தயிரும் பாலும் சீக்கிரம் கெடும். வயிற்றுக் கோளாறை விலைக்கு வாங்கக் கூடாது, பாருங்கள்.

அபிலீனைத் தாண்டியதும் காற்றாலைகள். அசல் முப்பந்தல்தான்! அப்புறம் மிட்லண்ட், ஒடெஸா. எண்ணெய் பூமி. மரமில்லாத சமவெளியில் எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருக்கின்றன. தஞ்சாவூர்க்காரியான எனக்கு ஆயிரம் தலையாட்டி பொம்மைகளைக் கொட்டி வைத்ததுபோல் இருந்தது.

அந்தச் சாலையில் சில பகுதிகளில் மணிக்கு 128 கிலோமீட்டர் வரை போகலாம். என் பெண் நூறைத் தொடவில்லை. ட்ரெய்லருக்கென்று செய்யும் டயர்கள் பலவற்றுக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் வரம்பாம். அதற்கு மேல் போனால் சூடேறி வெடிக்கும். லாரிகள் 'விர்'ரென்று தாண்டிப் போகட்டும், நமக்கென்ன?

இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தம். அவள் டயரைத் தொட்டுப் பார்ப்பாள், கொக்கியைப் பார்ப்பாள், குறுக்காகப் போட்ட இரண்டு காப்புச் சங்கிலிகளையும் பார்ப்பாள். நான் பத்து நிமிஷம் நடப்பேன். அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் கெண்டைக்கால் நரம்பில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும் ஆபத்து உண்டு. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. அதனால் வண்டிக்குள்ளும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு வேன் ஹார்ன் என்ற சிற்றூரில் தங்கல். மறுநாள் ஒரு வேடிக்கை. அந்த ஊர் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ள வேண்டும். எல் பாசோ, நியூ மெக்சிகோ கடந்து அரிசோனாவுக்குள் போனதும் இன்னொரு மணி! அங்கே பெரும்பாலான இடங்களில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. சர்க்கரை மாத்திரை போடுபவள் எந்த மணியைப் பார்ப்பது? கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டிருந்தேன். ஊர் மணியை விட்டு, ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் எத்தனை மணி நேரம் என்றுதான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

முன்பாரம், பின்பாரம்

டூசானில் வேனை விற்றவர் எழுபது வயது தாண்டிய அம்மாள். கணவருக்காக வாங்கிய வண்டியாம். அவர் போய் இரண்டு வருஷம். "இது யாருக்காவது உபயோகமாகணும்" என்று அவர் சொன்னதை என் பெண் எனக்குத் தமிழில் சொன்னாள். வண்டியின் கதவைத் துடைத்து வைத்திருந்தார், பாவம்.

பணம் கொடுக்கும் முன் பரிசோதனை. பேத்தி மின்நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரம், நாற்காலி எவ்வளவு அகலம் என்று தையல் டேப்பால் அளந்து எழுதி வந்திருந்தோம். கதவின் உயரத்தில் நான்கு அங்குலம் மிச்சம். புது பேட்டரி மாட்டியதும் சரிவுப் பலகை முனகிக்கொண்டே இறங்கியது. நாற்காலியைத் தரையோடு கட்டும் நான்கு பட்டைகளும், உட்காருபவருக்கான தனி பெல்ட்டும் இருந்தன. இரண்டும் வேண்டும், நாற்காலியை மட்டும் கட்டினால் போதாது.

ஏற்றுவதுதான் பெரும்பாடு. தரை தாழ்ந்த வேன் அல்லவா? ட்ரெய்லர் பலகையில் ஏறும்போது வயிறு தட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் நீளமான கட்டைகளைக் கொண்டுவந்து பலகைக்கு முன்னால் அடுக்கிச் சரிவைக் குறைத்தார். வின்ச் வைத்து அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். ஒருவழியாக ஏறி நின்றதைப் பார்த்தேன்.

"பின்பாரமா இருக்கேடி" என்றேன்.

கிராமத்தில் பார வண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை இறுக்கும். ரொம்ப முன்பாரம் ஆனால் மாடு சுமக்க முடியாமல் திணறும். ட்ரெய்லருக்கும் அதே சாஸ்திரம்தான்! மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு முன்கொக்கியில் இறங்க வேண்டுமாம். குறைந்தால் ட்ரெய்லர் பாம்பு போல் நெளிந்து இழுக்கும் வண்டியையே கவிழ்த்துவிடும். என் பெண் சிரித்தாள். "நானும் அதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்மா" என்றாள். வேனை இன்னும் ஓர் அடி முன்னால் இழுத்து, நான்கு சக்கரங்களையும் பட்டையால் இறுக்கினார்கள்.

பென்சன் என்ற ஊரில், ஏறக்குறைய 70 கிலோமீட்டரில், நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்கினாள். முதல் ஓட்டத்தில் சுமை அமர்ந்து பட்டை தளர்வது சகஜம். அதன்பின் டெக்சாஸ் கேன்யன். பாறைமேல் பாறை நிற்கிறது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைக்கு ஒரு ஊர் நிறையச் சொந்தக்காரர்கள்!

புழுதி

வில்காக்ஸ் வந்ததும் சாலையோரத்து எச்சரிக்கைப் பலகை: முன்னால் புழுதிப் புயல். லார்ட்ஸ்பர்க் ஊருக்கு முன்னால் வறண்ட ஏரிப் படுகை ஒன்று உண்டு. காற்று கிளம்பினால் எதிரே வருவது கண்ணுக்குத் தெரியாது. 2017 ஜூனில் அங்கே பல வண்டிகள் மோதி 6 பேர் இறந்திருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் சாலையை விட்டு விலகி நிறுத்து, விளக்குகளை அணை, பிரேக்கிலிருந்து காலை எடு, பெல்ட்டைக் கழற்றாதே என்று வழியெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைச் சாலை என்று நினைத்துத் தொடர்ந்து வந்து மோதுவாராம், அதனால்தான்.

"மெதுவாப் போயிடலாமா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். குழந்தையை விட்டு வந்து மூன்றாம் நாள். பிறகு அவளே ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் திருப்பி, லாரிகளோடு லாரியாக நிறுத்திவிட்டாள். நான்கு மணி நேரம்!

அங்கேதான் மனம் விட்டுப் பேசினாள்.

"அம்மா, ஒரு வருஷமா இடது பக்கம் படுக்க முடியலை. முதுகிலிருந்து கால் வரைக்கும் இழுக்குது."

"ஏண்டி சொல்லலை?"

"நடக்கவே முடியாதவ அவ. எனக்கு முதுகு வலிக்குதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

நான் என்ன சொல்வது? அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதற்கு விஞ்ஞானமும் உண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் ஒரு கணக்குச் சொன்னார். நோயாளியைக் கையால் தூக்குபவர், சாதகமான நிலையிலும் 35 பவுண்டுக்கு மேல், அதாவது 16 கிலோவுக்கு மேல், தூக்கக் கூடாது. பயிற்சி பெற்ற நர்ஸுக்கே இதுதான் எல்லை! என் பெண் தூக்கியது அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். பாசம் இருந்தால் எடை குறைந்துவிடுமா?

பொழுது சாய்ந்ததும் காற்று அடங்கியது. வழி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பி, இரவு லார்ட்ஸ்பர்க் சேர்ந்தோம். மறுநாள் எல் பாசோ தாண்டி சியரா பிளாங்காவில் எல்லைக் காவலர் சோதனை. பாஸ்போர்ட் என் கைப்பையிலேயே இருந்தது. ஓரிடத்தில் பெரிய லாரி உரசுவதுபோல் தாண்டியபோது ட்ரெய்லர் லேசாக ஆடியது. அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லருக்கு மட்டும் உள்ள கைப் பிரேக்கை மெல்ல அழுத்தினாள். ஆட்டம் நின்றது. இரவு பெக்கோஸில் படுத்து, செவ்வாய்க்கிழமை மாலை வீடு வந்தோம்.

டயர், பெல்ட், எண்ணெய், பிரேக் எல்லாம் மாற்ற மூன்று வாரம் ஆயிற்று. முதல் சவாரி கோயிலுக்கு. பேத்தியே பொத்தானை அழுத்திப் பலகையை இறக்கினாள். நாற்காலியை ஓட்டிக்கொண்டு உள்ளே போனாள். "பாட்டி... யாரும்... தூக்கலை!" என்றாள். என் பெண் வெறுங்கையோடு நின்றாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை!

நம் ஊரில்?

எல்லாராலும் வேன் வாங்க முடியாது; எனக்குத் தெரியும். ஆனால் தூக்கும் தாயின் முதுகையும் யாராவது பார்க்க வேண்டும். சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர், தென்காசி ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் குழந்தைக்குச் சிகிச்சை தரும்போதே பெற்றவர்களுக்கும் வழி சொல்கிறார்கள். சென்னையில் 2024 முதல் சக்கர நாற்காலி ஏறும் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன.

வீட்டிலேயே செய்யக்கூடியவை சில:

● ஒருவராகத் தூக்காதீர்கள். வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு பேர் வேண்டும்.

● கட்டிலும் நாற்காலியும் ஒரே உயரத்தில் இருந்தால், தூக்காமல் வழுவழுப்பான பலகை மேல் நகர்த்தலாம். முறையை உடற்பயிற்சி சிகிச்சையாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

● வாசற்படிக்குச் சரிவு போடுவதானால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள்.

● முதுகுவலி காலுக்கு இறங்கினால், மரத்துப்போனால், தைலம் தடவிக் காலம் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

உங்கள் தெருவில் இப்படி ஒரு தாய் இருந்தால், "குழந்தை எப்படி இருக்கு?" என்று கேட்டபின் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். "உன் முதுகு எப்படி இருக்கும்மா?"