குளிர்காலத்துக்கு ஒரு சூரியச் சுவர்

சோலார் பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், வெப்பம் ஆகாது. சிலிக்கான் பேனலின் திறனை 25 டிகிரி செல்சியஸில் வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அதற்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது. கோடையில் மொட்டைமாடிப் பேனல் 60 டிகிரியைத் தொட்டால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. வெயிலும் குளிரும் ஒன்றாகக் கிடைக்கும் மலை உச்சிகள்மீது பொறியாளர்களின் கண் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது முட்சே அணை. ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளம் கொண்ட, அந்நாட்டின் மிக நீளமான அணை இது. அதன் கான்கிரீட் சுவரில் ஏறக்குறைய 5,000 பேனல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தளவாடங்களை ஹெலிகாப்டரிலும் ரோப் காரிலும் ஏற்றி, பனி விலகும் மாதங்களில் வேலை செய்து, 2022-இல் முடித்தார்கள். மொத்தத் திறன் 2.2 மெகாவாட், ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம் யூனிட் மின்சாரம்.

ஒரு நாட்டின் தேவைக்கு முன் இது சிறிய அளவுதான். ஆனால் அதில் பாதி, குளிர்கால அரையாண்டில் கிடைக்கிறது. சமவெளிக் கூரைகளில் இந்தப் பங்கு கால்வாசியைச் சற்றே தாண்டும். குளிர்காலத்தில் சமவெளியை நாள்கணக்கில் மூடுபனி மூடிக்கொள்ள, அதற்கு மேலே மலையில் வெயில் அடிக்கும். காற்று மெலிந்திருப்பதால் ஒளி அதிகம் சிதறாமல் வந்து சேரும். சுற்றிலும் கிடக்கும் புதுப்பனி, தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பி அனுப்பும். சுவரோடு செங்குத்தாகச் சாய்ந்த பேனலில் பனி தங்காது, வழுக்கி விழுந்துவிடும். தாழ்ந்து செல்லும் குளிர்காலச் சூரியனையும் அது நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்தின் மின் உற்பத்தியில் பாதிக்கு மேல் நீர்மின்சாரம். குளிர்காலத்தில் மழை பனியாக உறைந்து மலையிலேயே தங்கிவிட, ஆறுகள் மெலியும். அதே மாதங்களில் வீடுகளைச் சூடேற்ற மின்சாரம் கூடுதலாக வேண்டும். அதனால் அண்டை நாடுகளிடம் வாங்க நேர்கிறது. புதிய அணு உலைகள் வேண்டாம் என்றும் 2017-இல் மக்கள் வாக்களித்துவிட்டார்கள். தை மாதத்து ஒரு மரக்கால் நெல்லும் ஆடி மாதத்து ஒரு மரக்கால் நெல்லும் மதிப்பில் ஒன்றல்ல; மின்சாரத்துக்கும் அதே கணக்குதான்.

மலையில் எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். வாலே மாநிலத்தில், மலைச்சரிவுகளில் பெரிய சூரிய மின்நிலையங்களை விரைந்து அமைக்க வழிசெய்யும் சட்டத்தை 2023 செப்டம்பரில் வாக்காளர்கள் நிராகரித்தனர். தீண்டப்படாத சரிவுகளைக் காக்க வேண்டும் என்ற அவர்களின் கவலை நியாயமானது. அணைச் சுவரோ ஏற்கெனவே மனிதன் கட்டியது. மின்கம்பியும் பராமரிப்பு ஆட்களும் அங்கே உண்டு. அதே வாலேயில் 1,810 மீட்டர் உயரத்திலுள்ள தூல் நீர்த்தேக்கத்தில், இருபுறமும் ஒளி வாங்கும் பேனல்கள் 2019 முதல் மிதக்கின்றன.

உயரத்தில் கட்டுமானச் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனாலும், தட்டுப்பாட்டு மாதங்களில் வரும் மின்சாரத்தின் மதிப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பனிமலை நாடுகள் புதுச் சரிவைத் தேடிப் போகுமுன், தெற்கு நோக்கி நிற்கும் தங்கள் அணைச் சுவர்களை முதலில் எண்ணிப் பார்க்கட்டும்.