லைசென்ஸ் முதலில், துப்பாக்கி பிறகு

ஹைதராபாத் அருகே உள்ள ஊர் பட்டான்செரு. அங்கே தொழிற்சாலைகள் அதிகம். வேலை முடிந்து வரும் ஒருவர் செல்போனைப் பார்க்கிறார். ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. துப்பாக்கி விற்பனைக்காம். பாதிப் பணம் கட்டினால் வீட்டுக்கே வருமாம்.

பணம் கட்டலாமா? கூடாது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வாங்குவது குற்றம். உரிமம் என்றால் லைசென்ஸ். மீறினால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. அபராதமும் உண்டு. பல நேரம் துப்பாக்கியும் வராது, பணமும் போய்விடும். ஏமாந்தவர் போலீசிடம் போகப் பயப்படுவார். ஏமாற்றுக்காரருக்கு அதுதான் வசதி.

கணினி மூலம் செய்யக்கூடியது, லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிப்பது. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் இணையதளம் இருக்கிறது. 21 வயது ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கி எதற்கு என்று போலீசார் விசாரிப்பார்கள். பிறகு மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ முடிவு செய்வார். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம்.

லைசென்ஸ் கிடைத்ததும் அதைக் கடையில் காட்டித்தான் வாங்க வேண்டும். விற்கும் கடைக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். முன்பு ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 2 மட்டுமே.

திருவிழாவில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கி வேறு. சக்தி குறைந்த அந்த வகைக்கு லைசென்ஸ் தேவையில்லை.