தூய்மையின் முன் மனிதன்

கடவுள் தூயவர் என்று சொல்லும்போதே மனிதன் இழிந்தவன் என்றும் சொல்லிவிடுகிறோமா? கிறிஸ்தவ சமயத்தைப் பற்றிப் பலருக்கும் எழும் ஐயம் இது. முழந்தாளிட்டுத் தன்னைப் பாவி என்று வாரந்தோறும் அறிக்கையிடுகிறவன் தன்னைத் தானே எப்படி மதிப்பான் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே.

தமிழ் வேதாகமத்தில் 'பரிசுத்தர்' என்று நாம் படிக்குமிடத்தில் எபிரேய மூலத்தில் இருப்பது 'கதோஷ்' என்னும் சொல். அழுக்கின்மை மட்டும் அதன் பொருளன்று. வேறாக நிற்பது, எதனோடும் ஒப்பிட இயலாதது என்னும் கருத்தும் அதில் உண்டு. நாமோ பரிசுத்தம் என்றவுடன் குளித்து முழுகுவதை நினைத்துக்கொள்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஏசாயா நூலின் ஆறாம் அதிகாரத்தைப் பார்ப்போம். உசியா அரசன் இறந்த ஆண்டில், கி.மு. எட்டாம் நூற்றாண்டில், ஏசாயா ஆண்டவரைக் காட்சியில் காண்கிறார். தாம் அழிந்தோம் என்று நடுங்குகிறார். தம் உதடுகள் அசுத்தமானவை என்கிறார். சேராபீன்களுள் ஒருவன் பலிபீடத்துத் தணலால் அந்த உதடுகளையே தொடுகிறான். பிறகு, யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுகிறது. நடுங்கியவரே முன்வந்து விடை சொல்கிறார். இந்தப் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் போதிப்போரும் உண்டு. கேட்பவர்களுக்கு அது பெருந்தீங்கு.

1505-இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகர மடத்தில் சேர்ந்த மார்ட்டின் லூதர், அந்த முன்பாதியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தார் எனலாம். 1507-இல் தம் முதல் பூசையின்போது அச்சத்தால் தடுமாறினார். நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனம் ஆறவில்லை. பார்ப்பவர்க்கு அது பணிவாகத் தோன்றியிருக்கும். ஆனால் அவர் தம்மையே ஓயாமல் எடைபோட்டுக் கொண்டிருந்தார் என்றே நாம் கருதுகிறோம்.

1518-இல் ஹைடல்பர்க் விவாதத்திற்காக அவர் எழுதிய இறையியல் கருத்துரைகள் 28. அவற்றுள் கடைசியானது இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது: மனிதரின் அன்பு தனக்கு உகந்ததைக் கண்டபின் பிறக்கிறது; கடவுளின் அன்போ உகந்ததைத் தேடுவதில்லை, தானே அதை உண்டாக்குகிறது. அப்படியானால் மனிதனின் மதிப்பு அவன் ஈட்டிய கூலியன்று; பிறரோடு ஒப்பிட்டுக் கூட்டவோ குறைக்கவோ அதில் இடமில்லை.

லுத்தரன் சபைகளின் ஆராதனை முறையிலும் இவ்வரிசையைக் காணலாம். பாவ அறிக்கை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. மன்னிப்பும் உடனே அறிவிக்கப்படுகிறது. வேதபாடங்கள், பிரசங்கம், திருவிருந்து எல்லாம் அதற்குப் பின்னரே.