கியரைத் தானே தேடும் சைக்கிள்

கல்முனையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ், அம்பாறை, மகாஓயா, மஹியங்கனை என்று ஓடும் வரை பயணிகள் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள். ஹசலக்க கடந்து பதினெட்டு வளைவு தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கண் விழிப்பார்கள். எழுப்புவது சாரதியின் கியர் தடிதான். வளைவுக்கு முன் கியரைக் குறைப்பார், இஞ்சின் உறுமும். திரும்பியதும் கூட்டுவார். மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

அப்படியான ஒரு மலை வீதியில் சைக்கிளில் ஏறினால் என்ன ஆகும்? நூறு மீற்றர் போனால் எட்டு மீற்றர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆள் ஒருவர் விடாமல் மிதித்தால் அவருடைய கால் கொடுக்கும் வலு சுமார் 100 வாட். ஆளும் சைக்கிளும் சேர்ந்து நூறு கிலோ என்றால், அந்த 100 வாட்டுக்குக் கிடைப்பது மணிக்கு நான்கு கிலோமீற்றர் வேகம். நடந்தாலே அதைவிட விரைவாகப் போகலாம். அதே காலுக்கு ஒரு மோட்டார் இன்னும் 200 வாட் சேர்த்துக் கொடுத்தால், வேகம் பன்னிரண்டு கிலோமீற்றரைத் தொடும். மலைக்கென்று செய்யப்படும் மின்சார சைக்கிளின் அடிப்படைக் கணக்கு இதுதான்.

காலுக்கு மோட்டார் துணைகொடுக்கும் இந்த யோசனைக்கு உருவம் கொடுத்தது ஜப்பானின் யமஹா. 1993இல் அது விற்பனைக்கு விட்ட சைக்கிளில், மிதிப்பவர் எவ்வளவு அழுத்துகிறார் என்பதை ஒரு உணரி அளந்து சொல்லும். அதற்கேற்ப மோட்டார் கைகொடுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நின்றுவிடும். ஐரோப்பியச் சட்டமும் பின்னர் இதே வழியில் வந்தது. அங்கே மோட்டாரின் தொடர் வலு 250 வாட்டைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் உட்பட்டால் அந்த வண்டி சட்டத்தின் கண்ணில் வெறும் சைக்கிள்.

மோட்டாரை எங்கே பூட்டுவது என்பது அடுத்த கேள்வி. இலங்கைக் கடைகளில் கிடைக்கும் மலிவான மின்சார சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் மோட்டார் சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும். சமதரைக்கு அது போதும். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுழல, மோட்டாரும் மெதுவாகச் சுழன்று திணறிச் சூடாகிவிடும். அதனால்தான் மலை சைக்கிள்களில் மோட்டாரைப் பெடல் அச்சோடு பொருத்துகிறார்கள். அங்கே இருந்தால், காலைப் போலவே மோட்டாரும் கியரின் உதவியோடு ஏறும்.

ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்தின் மலை மோட்டார் பல ஆண்டுகள் 85 நியூட்டன் மீற்றர் திருப்புவிசையோடு முன்னணி மோட்டார்களில் ஒன்றாக இருந்தது. 2024இல், ட்ரோன் செய்வதில் பேர்பெற்ற சீனாவின் டிஜேஐ, அவினொக்ஸ் என்ற மோட்டாரை இறக்கியது. எடை இரண்டரைக் கிலோ, திருப்புவிசை 105 நியூட்டன் மீற்றர். பெடல் தண்டின் முனையில் அறுபது கிலோவுக்கும் அதிகமான ஓர் ஆள் ஏறி நின்றால் கிடைக்கும் திருப்புவிசை அது.

மோட்டார்களின் பலம் கூடிவர, அவினொக்ஸ் வருவதற்கு முன்பே பழைய செயினும் பற்சக்கரமும் தடுமாறத் தொடங்கின. ஏற்றத்தில் மோட்டார் முழு மூச்சில் இழுக்கும்போது கியர் மாற்றினால் செயின் கரகரத்துத் தேயும், சிலவேளை அறுந்தும் போகும். மலை மோட்டார்களில் கியரைத் தானே மாற்றும் ஏற்பாடு வந்ததற்கு இந்தத் தலையிடியும் ஒரு காரணம். 2022இல் ஷிமானோ, 2023இல் ஸ்ராம், பினியன் என்று சைக்கிள் உதிரிப்பாக நிறுவனங்கள் வரிசையாக வந்தன. பினியனின் பெட்டியில் மோட்டாரும் பன்னிரண்டு கியர்களும் ஒன்றாகவே அடைபட்டிருக்கின்றன. ஆனாலும் இவை எல்லாமே படிக்கட்டுத்தான். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குத் தாவத்தான் வேண்டும்.

படியே இல்லாத கியரைப் பார்க்க ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. கல்முனையின் எந்தக் கராஜிலும் ஸ்கூட்டியின் இடப்பக்க மூடியைக் கழற்றும்போது எட்டிப் பார்த்தால் போதும். முன்னால் இரண்டு கூம்புத் தட்டுகள் முகத்தோடு முகம் நிற்கும். அவற்றின் இடையில் பெல்ட் ஓடும். ஒரு தட்டின் முதுகில், ஒரு விரற்கடைப் பருமனில் சிறிய ரோலர்கள். இஞ்சின் வேகமாகச் சுழலச் சுழல ரோலர்கள் வெளிப்பக்கம் வீசப்பட்டுத் தட்டை நெருக்கும். நெருங்கிய தட்டுகள் பெல்டை விளிம்பை நோக்கி ஏற்றும். பின்னால் உள்ள தட்டுகள் ஸ்பிரிங்கை மீறி விரிந்து பெல்டை உள்ளே இறங்க விடும். முன்னால் வட்டம் பெரிதாகும், பின்னால் சிறிதாகும். ஒரு சத்தமும் இல்லாமல் கியர் மாறிக்கொண்டே இருக்கும். ஓடித் தேய்ந்த ரோலரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். ஸ்கூட்டி இழுக்கவில்லை என்ற முறைப்பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம். காரில் இந்த ஏற்பாட்டைப் பெருமளவில் கொண்டுவந்தவர் ஒல்லாந்தின் ஹுப் வான் டோர்ன். அவருடைய டாஃப் கார் 1958இல் வெளிவந்தது.

சைக்கிளுக்கு இதே எண்ணம் வேறு வடிவத்தில் வந்தது. முன்பு நுவின்சி, இப்போது என்வியோலோ என்று அழைக்கப்படும் பின்சக்கரக் குடத்துக்குள் பற்களே கிடையாது. இரண்டு வளையங்களுக்கிடையில் எஃகு உருண்டைகள் உருளும். உருண்டைகளின் அச்சைச் சாய்த்தால் வளையங்களின் வேக விகிதம் மாறும். உள்ளே இருப்பது ஒரு விசேட எண்ணெய். கடும் அழுத்தத்தில் ஒரு கணம் இறுகி விசையைக் கடத்திவிட்டு, மறுகணம் திரவமாகிவிடும். தானியங்கி வகையில் சைக்கிளோட்டி சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்க விருப்பம்? அறுபது என்றால் ஏற்றமோ இறக்கமோ கால் அறுபதிலேயே நிற்கும். மிச்சத்தைக் குடம் பார்த்துக்கொள்ளும்.

குறையும் உண்டு. செயின் கியரைவிட இதில் சக்தி விரயம் அதிகம். குடமே இரண்டு கிலோவைத் தாண்டும். மிகக் குறைந்த கியருக்கும் மிக உயர்ந்த கியருக்கும் இடையே கூடியது 3.8 மடங்குதான் கிடைக்கும், மலை சைக்கிளின் பன்னிரண்டு பற்சக்கர அடுக்கில் ஐந்து மடங்குக்கு மேல். ஆகவே கரடுமுரடான மலைப்பாதையில் ஓடுபவர்கள் இதைத் தேடுவது அரிது. நகரத்துக்கும் சுமை சைக்கிளுக்கும்தான் இது வாய்த்திருக்கிறது. விரயத்தை மோட்டார் ஈடுசெய்து விடுவதால் மின்சாரம் வந்த பிறகே இதற்கு நல்ல காலம் பிறந்தது.

பெல்ஜியத்தில் உருவான ஒவுரு மோட்டார் இன்னொரு வழியைப் பிடித்தது. இரண்டு சிறிய மோட்டார்களைக் கோள் பற்சக்கரத்தால் இணைத்து, அவற்றின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதாலேயே கியர் விகிதம் மாறுகிறது. இலங்கை வீதிகளில் ஓடும் டொயோட்டா பிரியஸ், அக்குவா கார்களுக்குள் இருப்பதும் இதே தத்துவம். பிரான்ஸின் டெகாத்லோன் இந்த ஒவுரு மோட்டாரைத் தன் நகர சைக்கிளில் பூட்டி விற்பனைக்கு விட்டது. 

மலையே இல்லாத அம்பாறைக் கரைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கல்முனையிலிருந்து காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று வரை வீதி உள்ளங்கை போலத் தட்டை. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்கு நோக்கிச் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கரையின் ஏற்றம் காற்றுத்தான். சைக்கிளின் வேகத்திலேயே காற்றும் நேர் எதிரே வீசினால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். மலை ஏற்றமாவது ஒரே சாய்வில் நிற்கும். காற்று வீட்டு மதில் மறைவில் ஓயும், வயல்வெளி வந்ததும் அறையும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் இந்தத் தடைக்குப் படியில்லாத கியரைப் போலப் பொருத்தமானது வேறில்லை. மணலும் உப்புக் காற்றும் செயின் கியரைத் தின்னும் ஊரில், உள்ளே எண்ணெயோடு மூடிக் கிடக்கும் குடம் இன்னொரு ஆறுதல்.

2022இல் பெற்றோல் வரிசை நாட்கணக்கில் நீண்டபோது, வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள்தான் பள்ளிக்கும் சந்தைக்கும் ஓடின. மீன் பெட்டி கட்டுபவருக்கும் மருதமுனைச் சாறன் மூட்டை சுமப்பவருக்கும் அன்று கால் மட்டுமே துணை. அவர்களுக்கு 105 நியூட்டன் மீற்றர் மலை மோட்டார் வேண்டாம். கால் அழுத்தத்தை அளக்கும் உணரியும், அளவான மோட்டாரும், உள்ளூரில் பழுது பார்க்கக்கூடிய ஒரு கியரும் போதும். விலை இன்னும் எட்டாத உயரத்தில் இருப்பது உண்மை.

இன்று மின்சார சைக்கிள் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: மோட்டார் எங்கே இருக்கிறது, அது கால் அழுத்தத்தை அளக்கிறதா அல்லது சுற்றை மட்டும் எண்ணுகிறதா, பற்றரி பழுதானால் மாற்றுப் பற்றரி கிடைக்குமா. பிறகு சாவியை வாங்கி, கச்சானுக்கு எதிராக ஒரு கிலோமீற்றர் ஓட்டிப் பாருங்கள்.