தொண்டையோடு நின்றுவிடும் மருந்து

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் வடகவுஞ்சி போன்ற மலையூர்களில் வயதானவர்களுக்கு இளைப்பு கூடிவிடும். பீடியைத் தொட்டே பார்க்காத பாட்டிமாரும் இதில் உண்டு. காலமெல்லாம் விறகடுப்புப் புகையை வாங்கிய நெஞ்சு அது. டாக்டர் இன்ஹேலர் எழுதித் தருகிறார். மாதம் ஒன்றாகியும் மூச்சு வாங்கினால், மருந்து கேட்கவில்லை என்கிறோம், இல்லையென்றால் பாட்டிக்கு மறதி என்கிறோம். மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

இன்ஹேலரில் அழுத்தி அடிக்கும் பம்ப் வகை 1956-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மருந்து அதிலிருந்து பீறிட்டு வரும். மூச்சை மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, ஆழமாக இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் மருந்து தொண்டையில் அப்பிக்கொள்ளும். பொடி இன்ஹேலரான ரோட்டாஹேலர் இதற்கு நேர் எதிர்: கேப்ஸ்யூலில் உள்ள பொடியைக் கிளப்புவது நம் மூச்சுதான், ஆகவே வேகமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒருவர் கையிலேயே கொடுத்துவிட்டு, குழம்பினால் வயதைக் குறை சொல்வது நியாயமே இல்லை. 1975 முதல் 2014 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சரியாகப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 31 பேர்தான். அத்தனை ஆண்டுகளிலும் நிலைமை தேறவில்லை. ஆக, குறை கற்றுக்கொடுக்கும் முறையில் இருக்கிறது. ஒருமுறை சொன்னால் போதாது. ஒவ்வொரு முறை வரும்போதும் அவர்களையே செய்துகாட்டச் சொல்லித் திருத்த வேண்டும்.

மாத்திரையே போதாதா, இன்ஹேலர் பழகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து. பம்பை ஒருமுறை அடித்தால் அதில் இருபதில் ஒரு பங்கோ இன்னும் குறைவோதான். உடம்பெல்லாம் சுற்றாமல் நேரே நெஞ்சுக்குப் போவதால் அதுவே போதும். இதில் போதைப் பழக்கம் எதுவும் கிடையாது. ஸ்டீராய்டு இன்ஹேலரை மூச்சு சீரானதும் நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. அதை அடித்து முடித்ததும் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண் வருவது குறையும். மூட்டுவலியால் விரல் மடங்காதவர்கள் பம்பை இரு கையாலும் அழுத்தலாம், ஸ்பேசர் என்ற குடுவையும் மாட்டிக்கொள்ளலாம். அந்தக் குடுவை மருந்தைப் பிடித்துவைப்பதால் அழுத்தும் நேரத்தையும் மூச்சையும் துல்லியமாகப் பொருத்த வேண்டியதில்லை. வாங்க முடியாத வீட்டில் அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய்க்கு இறுக்கமாகத் துளையிட்டும் சமாளிக்கலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு இது பலன் தருவதைத் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999-இல் காட்டினார்கள்.

ரோட்டாஹேலருக்கு மலைப்பனி இன்னொரு தொல்லை. ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும் என்பதால் கேப்ஸ்யூலை இழுக்கும் நேரத்தில்தான் வெளியே எடுக்க வேண்டும். இழுத்து முடித்ததும் கேப்ஸ்யூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். வெள்ளைப் பொடி மிச்சமிருந்தால், இன்னொரு முறை இழுக்க வேண்டும்.